கணனிப் பாடம்: கையால் நிறுவிய தரவுத்தள வழங்கியைத் தானாக இயங்கும் சேவையாக மாற்றுவது எப்படி?



ஆஹெனுக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களில் சிலர் ஊரில் கணனி படித்தவர்கள். சிலர் வேலையும் செய்தவர்கள். இங்கே ஹைமில் இருந்துகொண்டு அசூல் முடிவைப் பார்த்திருக்கிற காலத்தில் "படிச்சதெல்லாம் மறந்துபோகுது" என்று ஆலோசனைக்கு வாறவர்கள் அடிக்கடி சொல்லுகிறார்கள். அந்தக் காலத்தை வீணாக்காமல் ஒரு பழைய லப்டொப்பில் வீட்டில் இருந்தே செய்து பார்க்கக்கூடிய பாடம் இது. நாளைக்கு ஒரு பிராக்டிக்கும் இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, "இதை நானே செய்தனான், இந்தா குறிப்பு" என்று காட்டக்கூடிய வேலையும் இதுதான்.

பாடம் என்னவென்றால்: போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தள வழங்கியை மூலநிரலில் இருந்து கையால் நிறுவி, கணனி தொடங்கும்போது அது தானாகத் தொடங்கும்படி ஒரு சேவையாக அமைப்பது. டொச்சில் இந்தச் சேவையை "தீன்ஸ்ட்" என்பார்கள். இந்தச் சொல்லை இண்டைக்கே மனதில் வையுங்கோ.

ஒரு முக்கிய குறிப்பு: எங்கள் பக்கங்கள் முழுவதும் தமிழ் எழுத்தில் வருவதால் கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறோம். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டவேணும். கோடுகள், புள்ளிகள், சரிவுக்கோடுகள் எல்லாம் இங்கே உள்ளபடியே வரும். போஸ்ட்கிரெஸின் இணையக் கையேட்டையும் பக்கத்தில் திறந்து வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கோ.

1. சேவை என்றால் என்ன?

ஊரில் தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசினை நினைத்துப் பாருங்கோ. ஒவ்வொரு நாளும் ஒரு ஆள் போய் கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணவேணும். ஆள் போகாவிட்டால் தண்ணி இல்லை. கையால் நிறுவிய தரவுத்தள வழங்கியும் அப்படித்தான். நீங்கள் கட்டளை கொடுத்தால் ஓடும். கணனியை நிறுத்தித் திரும்பப் போட்டால் சும்மா கிடக்கும். மின்சாரம் ஒருக்கால் போய் வந்தால், அதை நம்பியிருக்கிற மற்ற மென்பொருள் எல்லாம் நிற்கும்.

இப்போது உங்கட ஹைமின் ஹவுஸ்மைஸ்டரை நினையுங்கோ. காலையில் கதவு திறக்கிறது, ஹீட்டர் வேலை செய்யுதா என்று பார்க்கிறது, பழுது வந்தால் கொப்பியில் எழுதி வைக்கிறது எல்லாம் அவர் பொறுப்பு. லினக்ஸில் இந்த ஹவுஸ்மைஸ்டர் வேலையைச் செய்கிற மென்பொருளின் பெயர் சிஸ்டம்டி. லெனார்ட் பொட்டரிங், கே சீவர்ஸ் என்ற இருவர் 2010ல் இதைத் தொடங்கினார்கள். டெபியன் லினக்ஸ் 2015ல் வந்த தன் 8வது பதிப்பில் இதற்கு மாறியது. கணனி தொடங்கும்போது முதல் எழும்புவது இதுதான். அதனால் இதன் செயல் எண் எப்பவும் 1.

தரவுத்தளத்தைச் சேவையாக்குவது என்பது இந்த ஹவுஸ்மைஸ்டரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுப்பது போன்றது. யாருடைய பெயரில் தொடங்கவேணும், எதற்குப் பிறகு தொடங்கவேணும், எப்படி நிறுத்தவேணும் என்று அந்தத் துண்டில் இருக்கும்.

2. ஏன் கையால் நிறுவவேணும்?

உண்மையைச் சொன்னால், பாவனைக்கு மட்டும் தரவுத்தளம் வேணுமென்றால் டெபியனில் ஒரே கட்டளை போதும். "ஆப்ட் இன்ஸ்டோல் போஸ்ட்கிரெஸ்கியூஎல்" என்று அடித்தால் நிறுவுவது, சேவையாக்குவது எல்லாம் தானாக நடக்கும். பிறகு வரும் பாதுகாப்புத் திருத்தங்களும் சுலபமாக வந்து சேரும். உங்கட முக்கியமான வேலைக்கு அந்த வழியைத்தான் எடுங்கோ.

ஆனால் நிறுவனங்களில் எப்பவும் அப்படிக் கிடைக்காது. ஒரு பழைய மென்பொருளுக்கு ஒரு குறிப்பிட்ட பதிப்புத்தான் ஒத்துவரும். சில இடங்களில் வழங்கிக் கணனிக்கு இணையத் தொடர்பே இராது. அப்போது கையால் நிறுவத் தெரிந்த ஆள் தேவை. அதோடு, தானாக நடக்கிற வேலைக்குள் என்ன நடக்குது என்று விளங்கினவர்தான், அது பழுதாகும்போது திருத்துவார்.

போஸ்ட்கிரெஸ் ஒரு பழைய, நம்பிக்கையான மென்பொருள். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986ல் தொடங்கிய ஆய்விலிருந்து வளர்ந்தது. 1996ல் இன்றைய பெயர் வந்தது. காசு கட்டத் தேவையில்லை, அனுமதி இலக்கமும் தேவையில்லை.

3. தேவையானவை

• ஒரு பழைய கணனி. நன்கொடையாக வரும் லப்டொப்களில் கனக்க விண்டோஸ் 10 உள்ளவை. அதற்கான வழமையான இலவசப் பாதுகாப்பு உதவியை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ந் திகதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே டெபியன் போட்டுப் பழகுவதற்கு அவை நல்ல சாமான்.
• டெபியன் லினக்ஸ், நிர்வாகி உரிமையோடு. "சூடோ" என்ற கட்டளை வேலை செய்யவேணும்.
• இணையத் தொடர்பு, நிறுவும் நேரத்துக்கு மட்டும்.
• ஒரு கொப்பியும் பேனையும். இது விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கடைசியில் பாருங்கோ.

நகர நூலகத்தின் பொதுக் கணனியிலோ மற்ற ஆளின் கணனியிலோ இதைச் செய்யவேண்டாம். அங்கே நிறுவ உங்களுக்கு உரிமை இல்லை. வாசிக்க, கையேட்டைப் பார்க்க மட்டும் அவற்றைப் பாவியுங்கோ. கூவன் வீதியில் இருக்கிற நூலகம் அமைதியாக இருந்து படிக்க நல்ல இடம்.

டெபியனை நிறுவும்போது வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யவா என்று கேட்கும். "ஓம்" என்று கொடுங்கோ. லப்டொப் களவு போனாலும் உள்ளே இருப்பதை மற்றவர் வாசிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் தொடக்கத்தில் ஒரு கடவுச்சொல் கேட்கும். அதைக் கொடுத்த பிறகு சேவைகள் தானாக எழும்பும்.

4. நிறுவுதல்

படி 1: கருவிகள். மூலநிரலைக் கட்டுவதற்கு இவை வேணும்: "பில்ட்-எசென்ஷியல்", "பிகேஜி-கொன்ஃபிக்", "பைசன்", "ஃபிளெக்ஸ்", "லிப்ரீட்லைன்-டெவ்", "இசட்லிப்1ஜி-டெவ்", "லிப்ஐசியூ-டெவ்", "லிப்சிஸ்டம்டி-டெவ்". எல்லாவற்றையும் "சூடோ ஆப்ட் இன்ஸ்டோல்" என்ற கட்டளைக்குப் பின்னால் இடைவெளி விட்டு எழுதலாம். கடைசியில் உள்ள லிப்சிஸ்டம்டி-டெவ் ஐ விட்டுவிடாதேங்கோ. இது இல்லாமல் பிறகு தலையிடி வரும்.

படி 2: மூலநிரலை போஸ்ட்கிரெஸின் சொந்த இணையத்தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்கோ. கூடவே ஒரு சரிபார்ப்பு எண் கொடுத்திருப்பார்கள். "ஷா256சம்" கட்டளையால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு "டார் எக்ஸ்எஃப்" கொடுத்து விரியுங்கோ.

படி 3: விரித்த கோப்புறைக்குள் போய் வரிசையாக:

"./கொன்ஃபிகர் --வித்-சிஸ்டம்டி"
"மேக்"
"சூடோ மேக் இன்ஸ்டோல்"

முதல் வரியில் உள்ள "--வித்-சிஸ்டம்டி" தான் இந்தப் பாடத்தின் உயிர். இது இருந்தால்தான், போஸ்ட்கிரெஸ் எழும்பி முடிந்தவுடன் சிஸ்டம்டிக்கு "நான் தயார்" என்று சொல்லும். பழைய கணனியில் "மேக்" கொஞ்சம் இழுக்கும். தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருங்கோ. எல்லாம் முடிந்தால் மென்பொருள் "/யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்கியூஎல்" என்ற கோப்புறையில் இருக்கும்.

படி 4: தனிப் பயனர். தரவுத்தளத்தை ரூட் என்ற தலைமைப் பயனரின் பெயரில் ஓட்டக்கூடாது. ஓட்டப் பார்த்தாலும் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். காரணம் இருக்கு. யாராவது தரவுத்தளத்துக்குள் நுழைந்தாலும் முழுக் கணனியும் அவர் கைக்குப் போகக்கூடாது. ஆகவே:

"சூடோ ஆட்யூசர் --சிஸ்டம் --குரூப் போஸ்ட்கிரெஸ்"

இதில் "--சிஸ்டம்" முக்கியம். சாதாரணப் பயனராக உருவாக்கினால், அந்தப் பயனர் ஒருக்கால் உள்நுழைந்து வெளியேறும்போது, அவருடைய பகிர்வு நினைவகத் துண்டுகளை சிஸ்டம்டி துப்புரவு செய்துவிடலாம். ஓடிக்கொண்டிருக்கிற தரவுத்தளம் அதனால் இடையில் விழும். முறைமைப் பயனருக்கு அப்படிச் செய்யாது.

படி 5: தரவுக்கு இடம்.

"சூடோ எம்கேடிர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்கியூஎல்/டேட்டா"
"சூடோ சிஹெச்ஓன் போஸ்ட்கிரெஸ்:போஸ்ட்கிரெஸ் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்கியூஎல்/டேட்டா"

பிறகு "சூடோ -யூ போஸ்ட்கிரெஸ்" என்று தொடங்கி, பின் கோப்புறையில் உள்ள "இனிட்டிபி" ஐ முழுப்பாதையோடு அழைத்து, இந்த நான்கு விருப்பங்களையும் சேருங்கோ:

• "--பிஜிடேட்டா=" தரவுக் கோப்புறையின் பாதை
• "--என்கோடிங்=யூடிஎஃப்8" தமிழ், டொச் எழுத்துகள் எல்லாம் சரியாகப் பதிய
• "--ஓத்=ஸ்க்ரம்-ஷா-256" கடவுச்சொல் கேட்டு உள்ளே விட
• "--பிடபிள்யூப்ரொம்ப்ட்" அந்தக் கடவுச்சொல்லை இப்பவே கேட்க

மூன்றாவதை விட்டால் என்ன நடக்கும்? அந்தக் கணனியில் உள்ள எந்தப் பயனரும் கடவுச்சொல் இல்லாமல் தரவுத்தளத்தின் தலைவராக நுழையலாம். இனிட்டிபி ஒரு எச்சரிக்கை எழுதும். ஆனால் வேலையை நிறுத்தாது. கனபேர் அந்த எச்சரிக்கையை வாசிக்காமல் விடுகிறார்கள்.

படி 6: கையால் ஒருக்கால் ஓட்டிப் பாருங்கோ. "சூடோ -யூ போஸ்ட்கிரெஸ்" என்பதற்குப் பின்னால் "பிஜி_சிடிஎல்" ஐ முழுப்பாதையோடு, தரவுக் கோப்புறையும் ஒரு பதிவுக் கோப்பும் ("--லொக்=") கொடுத்து "ஸ்டார்ட்" சொல்லுங்கோ. பதிவுக் கோப்பு தரவுக் கோப்புறைக்குள் இருக்கட்டும். வேறு இடத்தில் எழுத இந்தப் பயனருக்கு உரிமை இராது. பிறகு "பிஎஸ்கியூஎல் --யூசர்நேம்=போஸ்ட்கிரெஸ்" என்று நுழைந்து பாருங்கோ. இதற்கும் முழுப்பாதை வேணும். வேலை செய்தால் வெளியே வந்து, அதே "பிஜி_சிடிஎல்" ஆல் "ஸ்டொப்" செய்யுங்கோ.

"இந்தக் கோப்புறைக்கு மாற முடியவில்லை, உரிமை இல்லை" என்று ஒரு வரி இடையில் வந்தால் பயப்படவேண்டாம். நீங்கள் நிற்கிற கோப்புறை உங்கட சொந்தக் கோப்புறை, போஸ்ட்கிரெஸ் பயனர் அதைப் பார்க்க முடியாது என்பதைத்தான் அது சொல்லுது. வேலை நடக்கும்.

5. சேவைக் கோப்பு

இப்போது ஹவுஸ்மைஸ்டருக்குக் கொடுக்கிற துண்டு. "/ஈடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம்/போஸ்ட்கிரெஸ்கியூஎல்.சேர்விஸ்" என்ற பெயரில் ஒரு கோப்பை நிர்வாகி உரிமையோடு திறவுங்கோ. போஸ்ட்கிரெஸ் கையேட்டில் "சேவையகத்தைத் தொடங்குதல்" என்ற பகுதியில் இதன் மாதிரி இருக்கு. அதை எழுதிக்கொண்டு, ஒவ்வொரு வரியும் ஏன் என்று இங்கே பாருங்கோ. கோப்பில் மூன்று பகுதி. பகுதிப் பெயர்கள் சதுர அடைப்புக்குள் வரும்.

முதல் பகுதி, "யூனிட்": அறிமுகம். "டிஸ்கிரிப்ஷன்" வரியில் விளக்கம். "ஆஃப்டர்", "வாண்ட்ஸ்" என்ற இரண்டு வரியிலும் "நெட்வேர்க்-ஒன்லைன்.டார்கெட்" என்று இருக்கும். வலையமைப்பு எழும்பிய பிறகுதான் என்னை எழுப்பு என்று அர்த்தம்.

இரண்டாம் பகுதி, "சேர்விஸ்": முக்கிய பகுதி.

• "டைப்=நோட்டிஃபை". தயார் என்று போஸ்ட்கிரெஸ் சொல்லும் வரை காத்திரு. படி 3ல் போட்ட விருப்பம் இதற்காகத்தான்.
• "யூசர்=போஸ்ட்கிரெஸ்". இந்தப் பயனர் பெயரில் ஓட்டு.
• "எக்செக்ஸ்டார்ட்=" என்பதற்குப் பின்னால் "/யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்கியூஎல்/பின்/போஸ்ட்கிரெஸ்", இடைவெளி, "-டி" (இங்கே டி பெரிய எழுத்து), இடைவெளி, தரவுக் கோப்புறையின் பாதை. எல்லாம் முழுப்பாதையாக இருக்கட்டும்.
• "எக்செக்ரீலோட்=". அமைப்புகளை மாற்றினால் நிறுத்தாமலே திரும்ப வாசிக்க.
• "கில்மோட்=மிக்ஸ்ட்", "கில்சிக்னல்=சிக்இன்ட்". நிறுத்தும் விதம். சிஸ்டம்டி வழமையாக அனுப்புவது "சிக்டெர்ம்" என்ற சைகை. அதைக் கேட்டால் போஸ்ட்கிரெஸ் இணைந்திருக்கிற எல்லாரும் போகும் வரை மரியாதையாகக் காத்திருக்கும், கணனி நிற்காமல் இழுக்கும். "சிக்இன்ட்" கொடுத்தால் இணைப்புகளை வெட்டி, ஒழுங்காக எழுதி மூடி, விரைவாக நிற்கும்.
• "டைம்அவுட்செக்=இன்ஃபினிட்டி". எவ்வளவு நேரம் எடுத்தாலும் பொறு. மின்சாரம் திடீரென்று போய் வந்தால் போஸ்ட்கிரெஸ் தன் பதிவேட்டைப் பார்த்து விட்ட இடத்தில் இருந்து தரவைச் சரிசெய்யும். பெரிய தரவுத்தளம் என்றால் அது நேரம் எடுக்கும். சிஸ்டம்டியின் வழமையான பொறுமை 90 செக்கன்தான். அதற்குள் முடியாவிட்டால் இடையிலே நிறுத்திப்போடும். நோயாளிக்கு வைத்தியம் பாதியில் இருக்க கட்டிலை இழுத்த மாதிரி.

மூன்றாம் பகுதி, "இன்ஸ்டோல்": "வாண்டட்பை=மல்ட்டி-யூசர்.டார்கெட்" என்ற ஒரே வரி. கணனி வழமையாக எழும்பும்போது என்னையும் எழுப்பு என்று அர்த்தம். இந்த வரி இல்லாவிட்டால் அடுத்த கட்டளை வேலை செய்யாது.

இந்தக் கோப்பில் பகுதிப் பெயர்களும் வரிப் பெயர்களும் பெரிய எழுத்தில் தொடங்கும். "எக்செக்ஸ்டார்ட்" போன்றவற்றில் நடுவிலும் ஒரு பெரிய எழுத்து வரும். மாதிரியைப் பார்த்து அப்படியே எழுதுங்கோ. இங்கே எழுத்துப் பிழைத்தால் சிஸ்டம்டி அந்த வரியைத் தெரியாத வரி என்று தள்ளிவிட்டுப் போகும்.

6. தொடக்கிப் பார்த்தல்

"சூடோ சிஸ்டம்சிடிஎல் டேமன்-ரீலோட்": புதுத் துண்டை வாசி.
"சூடோ சிஸ்டம்சிடிஎல் எனேபிள் --நவ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்": இப்பவும் தொடங்கு, இனி எப்பவும் தொடங்கு.
"சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் போஸ்ட்கிரெஸ்கியூஎல்": நிலைமை சொல்லு.

"எனேபிள்" உம் "ஸ்டார்ட்" உம் ஒன்றில்லை. "ஸ்டார்ட்" இண்டைக்கு மட்டும் தொடக்கும். "எனேபிள்" மட்டும் கொடுத்தால் அடுத்த தடவை கணனி எழும்பும்போது தொடங்கும். "--நவ்" சேர்த்தால் இரண்டும் நடக்கும். நேர்முகத்தில் இந்த வித்தியாசத்தைக் கேட்டால் சொல்லத் தெரியவேணும்.

நிலைமையில் பச்சை நிறத்தில் "அக்டிவ் (ரன்னிங்)" என்று வந்தால் நல்லது. ஆனால் பாடம் இன்னும் முடியவில்லை. கணனியை நிறுத்தித் திரும்பப் போட்டு, ஒன்றும் கட்டளை கொடுக்காமல் நேரே நிலைமையைப் பாருங்கோ. அப்பவும் பச்சை என்றால்தான் சேவை சரி.

7. பச்சை வராவிட்டால்

முதல் வேலை ஹவுஸ்மைஸ்டரின் கொப்பியைப் பார்ப்பது: "ஜேர்னல்சிடிஎல் -யூ போஸ்ட்கிரெஸ்கியூஎல்". கடைசி வரிகளை வாசியுங்கோ. அடிக்கடி வருபவை:

• 203/எக்செக்: சொன்ன பாதையில் மென்பொருள் இல்லை, அல்லது ஓட்ட உரிமை இல்லை. "எக்செக்ஸ்டார்ட்" வரியின் பாதையைப் பாருங்கோ.
• 217/யூசர்: அப்படி ஒரு பயனர் இல்லை. படி 4ஐ விட்டுவிட்டீர்கள், அல்லது பெயரில் எழுத்துப் பிழை.
• "அக்டிவேட்டிங்" என்றே நிற்குது, கட்டளை திரும்பி வரவே இல்லை: "--வித்-சிஸ்டம்டி" இல்லாமல் கட்டியிருக்கிறீர்கள். போஸ்ட்கிரெஸ் உள்ளே ஓடுது, ஆனால் "தயார்" என்று சொல்ல அதற்குத் தெரியாது. சிஸ்டம்டியும் நீங்கள் சொன்னபடி முடிவில்லாமல் பொறுக்குது. படி 3ஐத் திரும்பச் செய்யுங்கோ. கட்டின கோப்புறையில் முதலில் "மேக் டிஸ்ட்க்ளீன்" கொடுங்கோ. தரவுக் கோப்புறையைத் தொடத் தேவையில்லை.
• "அட்ரெஸ் ஏற்கெனவே பாவனையில்": 5432 என்ற வாயிலை இன்னொரு போஸ்ட்கிரெஸ் பிடித்திருக்கு. முன்பு ஆப்ட்டால் நிறுவியது ஒன்று இருக்கலாம்.
• "போஸ்ட்மாஸ்டர்.பிஐடி ஏற்கெனவே இருக்கு": படி 6ல் கையால் ஓட்டியதை நிறுத்தவில்லை. பிஜி_சிடிஎல் ஆல் நிறுத்துங்கோ. அந்தக் கோப்பைக் கையால் அழிக்கவேண்டாம். ஒரே தரவை இரண்டு வழங்கி எழுதினால் தரவு கெட்டுப்போகும்.
• கோப்புறை உரிமை பற்றிய பிழை: தரவுக் கோப்புறை போஸ்ட்கிரெஸ் பயனருக்கே சொந்தமாக இருக்கவேணும். மற்றவர்களுக்குத் திறந்திருந்தால் வழங்கி தொடங்க மறுக்கும். எல்லாருக்கும் 777 உரிமை கொடுத்துத் திருத்தப் பார்க்கிறவர்கள் இதில்தான் இன்னும் மாட்டுப்படுவார்கள்.

8. பழகுவதற்கு ஒரு அட்டவணை: வந்த கடிதங்கள்

வெறும் வழங்கி ஓடினால் காணாது. அதில் ஏதாவது பதியவேணும். உங்களுக்கு உண்மையாகப் பயன்படுகிற ஒன்றைச் சொல்லுகிறோம். இங்கே எல்லாம் கடிதத்தில்தான் நடக்கும். "கடிதங்கள்" என்று ஒரு அட்டவணை செய்யுங்கோ. வந்த நாள், எந்த அலுவலகம், கோப்பு இலக்கம், கடைசித் திகதி, பதில் போட்ட நாள் என்று ஐந்து நிரல். திகதி நிரல்களுக்கு "டேட்" என்ற வகையைக் கொடுத்தால், கிட்ட வருகிற காலக்கெடுக்களை வரிசையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

அட்டவணைக்கும் நிரலுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், போஸ்ட்கிரெஸ் ஏற்கும். ஒரு எல்லை மட்டும் இருக்கு. பெயர் 63 பைட்டுக்குள் இருக்கவேணும். யூடிஎஃப்8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுக்கும். புள்ளியும் கொம்பும் தனிக் குறியீடுகள். ஆகவே ஏறத்தாழ 21 குறியீடுதான் கொள்ளும். இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு போடுங்கோ. பழைய பாமினி எழுத்துருவில் தட்டினால் உள்ளே பதிவது ஆங்கில எழுத்துத்தான். பிறகு தேடினால் கிடைக்காது. யூனிகோட்டில் தட்டுங்கோ.

மஞ்சள் உறையில் வருகிற கடிதத்துக்கு ஒரு விசேஷம் இருக்கு. தபால்காரர் கொடுத்த நாளை உறையில் எழுதியிருப்பார். காலக்கெடு அந்த நாளில் இருந்துதான் கணக்கு. ஆகவே "வந்த நாள்" நிரலில் நீங்கள் கடிதத்தைத் திறந்த நாளைப் பதியாமல், உறையில் உள்ள நாளைப் பதியுங்கோ. உறையை எறியவேண்டாம், கடிதத்தோடு சேர்த்து வையுங்கோ. மறுமொழிக்கு எத்தனை நாள் என்பது கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கும். விளங்காவிட்டால் அண்டைக்கே வழக்கறிஞரிடமோ ஆலோசனை நிலையத்துக்கோ கொண்டுவாங்கோ. கணனி பழுதாகலாம், ஆகவே கடைசித் திகதியைச் சுவர்க் கலண்டரிலும் எழுதுங்கோ.

9. எழுதக்கூடாதவை, திறக்கக்கூடாதவை

இதைக் கவனமாக வாசியுங்கோ.

ஹைமின் வைஃபையில் கனபேர் இருக்கிறார்கள். போஸ்ட்கிரெஸ் சாதாரணமாக உங்கட கணனிக்குள் இருந்து வருகிற இணைப்பை மட்டும் கேட்கும். "லிசன்_அட்ரெசஸ்" என்ற அமைப்பு "லோக்கல்ஹோஸ்ட்" என்று இருக்கும். வேறு கணனியில் இருந்து இணைப்பதற்காக அதை நட்சத்திரக் குறியாக மாற்றச் சொல்லிக் கன இடங்களில் எழுதியிருப்பார்கள். ஹைமில் இருந்துகொண்டு அதைச் செய்யவேண்டாம். சரிபார்க்க "எஸ்எஸ் -எல்டிஎன்" கொடுங்கோ. 5432க்கு முன்னால் 127.0.0.1 இருந்தால் கதவு உள்ளுக்கு மட்டும் திறந்திருக்கு. ஐபிவி6க்கு இன்னொரு வரி "[::1]" என்று வந்தால் அதுவும் சரி. 0.0.0.0 என்று வந்தால் கதவு வெளியே திறந்திருக்கு என்று அர்த்தம்.

ஊரில் இருக்கிற உறவினரின் பெயர், முகவரி, உங்களுக்கு உதவி செய்தவர்களின் விபரம், உங்கட அசூல் வாக்குமூலம் ஒன்றையும் பழகுகிற தரவுத்தளத்தில் பதியாதேங்கோ. இங்கே ஒரு தவறு விட்டால் விலை கொடுக்கப்போவது அங்கே இருக்கிற ஆளாக இருக்கலாம். பழகுவதற்குக் கற்பனைப் பெயர் போதும்.

10. பிரதி எடுத்தல்

சேவை தானாக எழும்புது என்பதற்காகத் தரவு பாதுகாப்பாக இருக்கு என்று அர்த்தமில்லை. வட்டு பழுதானால் இரண்டும் போகும். கிழமைக்கு ஒருக்கால் "பிஜி_டம்ப்" கட்டளையால் பிரதி எடுத்து ஒரு யூஎஸ்பி ஸ்டிக்கில் வையுங்கோ. ஸ்டிக்கில் போவது மறையாக்கம் இல்லாத பிரதி, ஆகவே அதைப் பூட்டி வையுங்கோ. பிறகு ஒரு வெற்றுத் தரவுத்தளம் உருவாக்கி, பிரதியை அதில் திரும்ப ஏற்றிப் பாருங்கோ. ஏற்றிப் பார்க்காத பிரதியை நம்பி இருக்கக்கூடாது.

11. இதைக் கொண்டு எங்கே போகலாம்?

ஜேர்மனியில் கணனி வேலைக்கு நல்ல வழி அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி. ஃபாக்இன்ஃபோர்மாட்டிக்கர் என்ற பயிற்சி 1997ல் தொடங்கியது. காலம் 3 வருடம். 2020ல் இருந்து இதில் 4 பிரிவு இருக்கு. வழங்கி, வலையமைப்பு வேலைகளுக்கு உரியது "சிஸ்டம்இன்டெக்ராட்சியோன்" என்ற பிரிவு. இறுதிச் சோதனையை கைத்தொழில் வர்த்தக சம்மேளனம், அதாவது ஐஹாகா நடத்தும். ஆஹென் ஐஹாகா தியேட்டர் வீதியில் இருக்கு.

ஆஹென் பகுதியில் இன்னொரு வழியும் இருக்கு. கணிதமும் மென்பொருளும் சேர்ந்த "மாட்சே" என்ற தொழிற்பயிற்சி. ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகத்தின் ஐடி சென்டரிலும், யூலிக் ஆராய்ச்சி மையத்திலும் இதைப் படிப்பிக்கிறார்கள். ஆஹென் எஃப்ஹா உயர்கல்லூரியின் பட்டப்படிப்போடு சேர்த்தும் செய்யலாம். யூலிக்கில்தான் 2025 செப்டெம்பரில் ஜூப்பிட்டர் என்ற மீக்கணனியைத் திறந்தார்கள். 2017 நவம்பரில் இருந்து உலகின் முதல் 500 மீக்கணனிகளும் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கட பழைய லப்டொப்பில் ஓடுவதும் அதே குடும்பம்தான்.

வேலையோ, அவுஸ்பில்டுங்கோ, சம்பளமில்லாத பிராக்டிக்குமோ, எதுவென்றாலும் அசூல் காலத்தில் பொதுவாக முன் அனுமதி வேணும். தொடங்குவதற்கு முதல் நகரப்பிராந்தியத்தின் வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கோ. உங்கட அட்டையில் என்ன எழுதியிருக்கு என்று எங்களிடமும் காட்டலாம். "சும்மா வந்து நில்லு" என்று ஒரு முதலாளி சொன்னார் என்பதற்காக அனுமதியில்லாமல் போகவேண்டாம்.

இப்போது அந்தக் கொப்பி. ஃபாக்இன்ஃபோர்மாட்டிக்கர் இறுதிச் சோதனையில் மாணவர் ஒரு வேலைத்திட்டம் செய்து, அதை ஆவணமாக எழுதி, விளக்கவேணும். சிஸ்டம்இன்டெக்ராட்சியோன் பிரிவில் அதற்கு 40 மணித்தியாலம். ஆகவே இண்டைக்கே பழகுங்கோ. திகதி, செய்த படி, வந்த பிழை, திருத்திய விதம் என்று எழுதுங்கோ. முதலில் தமிழில் எழுதினாலும் பரவாயில்லை. பிறகு டொச் வகுப்பில் அதையே டொச்சுக்கு மாற்றுங்கோ. பீட்டர் வீதியில் உள்ள ஃபோல்க்ஸ்ஹொஃக்சூலேயில் டொச் வகுப்புகள் நடக்கின்றன.

12. தெரிந்திருக்கவேண்டிய டொச் சொற்கள்

தீன்ஸ்ட் – சேவை
டாட்டன்பாங்க் – தரவுத்தளம்
ஐன்ரிஷ்டன் – அமைத்தல்
நொய் ஸ்டார்ட்டன் – திரும்பத் தொடக்குதல்
பெனுட்சர் – பயனர்
பெரெஷ்டிகுங் – உரிமை
ஃபேலர்மெல்டுங் – பிழைச் செய்தி
ஸ்ட்ரோம்அவுஸ்ஃபால் – மின்தடை
டாட்டன்சிக்கருங் – தரவுப் பிரதி
ஃபிரிஸ்ட் – காலக்கெடு

கடைசிச் சொல் கணனிச் சொல் இல்லை. ஆனால் உங்களுக்கு வரும் கடிதங்களில் முதலில் தேடவேண்டிய சொல் அதுதான்.

வீட்டுவேலை: சேவை ஓடிக்கொண்டிருக்கும்போது கணனியைத் திரும்பத் தொடக்கி, பச்சை வருதா என்று பாருங்கோ. பிறகு "யூசர்" வரியில் வேணுமென்று ஒரு எழுத்தைப் பிழையாக்கி, டேமன்-ரீலோட் கொடுத்து, சேவையைத் திரும்பத் தொடக்கிப் பாருங்கோ. எந்த எண் வருது என்று கொப்பியில் எழுதி, சரியாக்குங்கோ. பிழையை நீங்களே உண்டாக்கிப் பார்த்தால், பிறகு வேலையிடத்தில் வரும்போது பதறமாட்டீர்கள்.

விளங்காத இடம் இருந்தால் லப்டொப்பையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு ஆலோசனை நேரத்துக்கு வாங்கோ, இருந்து பார்ப்பம்.